ஓக் ரிட்ஜ் பாய்ஸ் குறுந்தகட்டில் ஒரு பாடல் மட்டும் தடைபடுகிறது

நால்வர் இணைந்து பாடும் குரலிசைக்காகப் பெயர்பெற்ற அமெரிக்க இசைக்குழுவான ஓக் ரிட்ஜ் பாய்ஸ் 2009இல் டேவ் காப் தயாரிப்பில் வெளியிட்ட 'தி பாய்ஸ் ஆர் பேக்' குறுந்தகட்டை மூன்று வாரங்களுக்கு முன் பழைய பொருள் கடையொன்றில் வாங்கினேன். அதில் 'செவன் நேஷன் ஆர்மி' பாடல் மட்டும் பாதியில் திக்கித் திக்கி நின்றுவிடுகிறது. குழுவின் பாடகர் ரிச்சர்ட் ஸ்டெர்பனின் கீழ்ஸ்தாயிக் குரலுக்காகவே தேடி வாங்கியதால் மனம் ஆறவில்லை. மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்தும், வெதுவெதுப்பான நீரில் கழுவியும், இரண்டு பிளேயர்களிலும் கணினியிலும் போட்டுப் பார்த்தும், அதே இடத்தில்தான் நிற்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், அடிப்பக்கத்தில் வட்டப்போக்கிலேயே நகக்கீறல் போன்றதொரு கோடு தெரிகிறது. மேற்பக்க அச்சில் சேதமில்லை. இவ்வாறு வட்டப்போக்கில் விழுந்த கீறலை, தகட்டை மேலும் கெடுக்காமல் மெருகிட்டுச் சரிசெய்வது எப்படி?