பார்வையாளர் விளையாட்டா, காண்விளையாட்டா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

19-ஆம் நூற்றாண்டு நியூயார்க்கின் கிளப் பௌலிங் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன். பௌலிங், அமெச்சூர், ஸ்பெக்டேட்டர் ஸ்போர்ட் (கூட்டம் கூடிப் பார்க்கும் விளையாட்டு) மூன்றும் ஒரே வரியில் வருகின்றன. "பார்வையாளர் விளையாட்டாகத் தொழில்முறை சாராப் பந்துவீச்சு" என்று எழுதி வீட்டில் வாசித்துக் காட்டினேன். "சேப்பாக்கம் மேட்ச்சா?" என்று கேட்டார்கள். கைகொடுங்கள்.

----------

தம்பி, வணக்கம்.

> தொழில்முறை சாராப் பந்துவீச்சு

'பந்துவீச்சு' கிரிக்கெட்டுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தாகிவிட்டது, திரும்ப வாங்க முடியாது. அதோடு இங்கே யாரும் வீசுவதில்லை, உருட்டுகிறார்கள். கிட்டத்தட்ட 60 அடி நீள மரத்தளம், மறுமுனையில் பந்தால் சாய்ப்பதற்காக நிற்கும் கட்டைகள், லிக்னம் வைட்டே என்ற இரும்பு போன்ற மரத்தில் கடைந்த பந்து. ரப்பர்ப் பந்து வந்தது 1905 வாக்கில்தான்.

பெயருக்கு வெளியே அலைய வேண்டாம். அஞ்சாங்கல், ஏழாங்கல் என்று எண்ணிக்கையை வைத்தே ஆட்டத்துக்குப் பெயர் வைத்த ஊர் நம்முடையது. ஜெர்மானியக் குடியேறிகள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன ஒன்பது கட்டை ஆட்டத்தை 'ஒன்பதாங்கட்டை' என்றும், முக்கோணமாகப் பத்தை நிறுத்தும் ஆட்டத்தைப் 'பத்தாங்கட்டை' என்றும் சொல்லலாம். (பத்தாத கட்டை என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.) எண் இங்கே முக்கியம். சூதாட்டத்துக்குப் பயந்து கனெக்டிகட் மாநிலம் 1841-இல் ஒன்பதாங்கட்டைக்குத் தடை போட்டது. அதை ஏய்க்கத்தான் பத்தாவது கட்டையைச் சேர்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கதைதான். தடைக்கு முன்பே பத்தாங்கட்டை இருந்தது. ஆனால் உங்கள் கட்டுரையில் அந்தக் கதை வந்தால், எண் இல்லாத சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

பொதுப்பெயர் வேண்டுமானால் 'கட்டையுருட்டு'.

> பார்வையாளர் விளையாட்டாக

இதுதான் உண்மையான சிக்கல். சிறுவர் விளையாட்டு என்றால் சிறுவர் ஆடுவது. மகளிர் விளையாட்டு என்றால் மகளிர் ஆடுவது. அப்படியானால் பார்வையாளர் விளையாட்டை ஆடுவது யார்? நாளிதழ்களில் பழகிவிட்டதால் உறுத்தாமல் போகிறது, அவ்வளவுதான். ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகையாக்கிக் 'காண்விளையாட்டு' என்றால் குழப்பமில்லை. காணொளியை ஏற்ற காது இதையும் ஏற்கும். 'காண் ஆட்டம்' இன்னும் சுருக்கம்தான். ஆனால் சேர்த்தெழுதினால் 'காணாட்டம்' ஆகி, யாருமே காணாத ஆட்டமாகிவிடும்.

அமெச்சூரை அப்படியே விடுங்கள். சபா நாடகக்காரர்கள் அதை எப்போதோ தமிழாக்கிவிட்டார்கள்.

----------

ஐயா, 'பத்தாங்கட்டை' அருமை. எடுத்துக்கொண்டேன். 'காண்விளையாட்டில்' மட்டும் ஒரு தயக்கம்.

கட்டுரையில் வரும் கூட்டம் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய கூட்டமல்ல. ஜோ தும் என்ற ஜெர்மானியர், பவேரியக்காரர், 1886-இல் நியூயார்க்கில் தன் உணவகத்தின் நிலவறையில் கட்டையுருட்டுத் தளம் அமைத்தார். அந்த மாதிரி இடத்தைக் கற்பனை செய்து பாருங்கள். தளத்துக்குப் பின்னால் பெஞ்சு. அதில் இருப்பவர்கள் அடுத்து ஆட வேண்டிய அதே கிளப்காரர்கள், எதிரணி, அவர்களோடு வந்தவர்கள். கண்ணுக்குத் தெரிவது உருட்டுபவரின் முதுகும், தூரத்தில் கட்டைகளின் தலையும். மீதியைக் காது சொல்லும். காண்பவர் வேறு, ஆடுபவர் வேறு என்ற பிரிவே அங்கே இல்லை.

அந்தப் பிரிவு பிறகு மெல்ல வருகிறது. நியூயார்க், புரூக்ளின் நாளிதழ்கள் கிளப்புகளின் புள்ளிகளை அச்சிட்டன. பெஞ்சில் உட்காராதவரும் ஆட்டத்தைத் தொடர முடிந்தது. ஊருக்கு ஊர் கட்டை அளவும் பந்தின் எடையும் வேறாக இருந்ததால், 1895 செப்டம்பர் 9 அன்று நியூயார்க்கின் பீத்தோவன் ஹாலில் கூடி, விதிகளைப் பொதுவாக்க அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ் என்ற சங்கத்தை அமைத்தார்கள். அதன் முதல் தேசியப் போட்டி 1901-இல் சிகாகோவில். 41 அணிகள், பரிசுப் பணமும் உண்டு. அந்தப் போட்டியைக் காண்விளையாட்டு என்றால் ஒப்புகிறேன். நிலவறை பெஞ்சை?

----------

தம்பி, ஏழாங்கல் ஆடும் தெருவில் திண்ணையில் உட்கார்ந்து "சாய்ச்சுட்டான்டா!" என்று கத்துபவன் யார்? அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருப்பவன்தானே? அவனும் காண்கிறான். இதற்காகவும்தான் ஆளைச் சுட்டும் 'பார்வையாளர்' வேண்டாம், செயலைச் சுட்டும் 'காண்' போதும் என்றேன். சொல்லை மாற்றாதீர்கள், அந்த பெஞ்சைக் கட்டுரையில் ஒரு பத்தியாக எழுதிவிடுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. விழுந்த கட்டைகளைக் குழியில் இறங்கி நிமிர்த்தி வைத்து, பந்தைச் சாய்தடத்தில் திருப்பி அனுப்பும் பையன்களுக்கு என்ன சொல்? எந்திரம் வந்தது 1940-களில்தான். அதுவரை அவர்கள் இல்லாமல் ஆட்டமே இல்லை. 'கட்டைப்பையன்' என்றால் குள்ளப் பையன் ஆகிவிடுகிறது.

----------

கட்டைநிறுத்தி?