தக்காளி பிரிக்கிற கண்

பாலக்கோட்டிலிருந்து:

தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்த அனுபவத்தை எல்லோரும் எழுதுகிறீர்கள், நான் சொதப்பியதிலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், பாறையிலிருந்து கரைந்து வருவது. பிள்ளைகள் பல்லில் பழுப்புக் கறையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும், குழாயில் தண்ணீர் வராத நாளில் எங்கள் தெருவில் பழைய போர்வெல்லுக்குத்தான் குடம் போகும். காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று வேறு நினைப்பு. காய்ச்சினால் தண்ணீர்தான் வற்றும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும். அதனால் ஊருக்கு ஐந்து பெண்கள் சோதனைப் பெட்டியை வைத்துக்கொண்டு தாங்களே பார்க்கட்டும் என்று ஏற்பாடு.

கல்யாண மண்டபம், காலை 10 முதல் மாலை 5 வரை, புரொஜெக்டர், முதல் இரண்டு மணி நேரம் வேதியியல். சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் பாதி நாற்காலி காலி. ஆர்வமே இல்லாதவர்களைச் சேர்த்துவிட்டோம் என்று எனக்குக் கோபம். மறுநாள் ஒரு அக்கா போனில், "மாடு கறக்கணும் தம்பி, சொசைட்டியில எனக்காக நிப்பாங்களா?" என்றார். அது பயிற்சி வைக்கும் முன்பே நான் கேட்டிருக்க வேண்டியது.

இரண்டாவது முறை புரொஜெக்டரைத் தொடவில்லை. ஊர் ஊராகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசினேன். ரசாயனத்துக்குப் பயப்படுவார்கள் என்று நான் நினைத்திருக்க, அவர்கள் பயம் வேறாக இருந்தது. "அவங்க போர்லதான் நாங்க தண்ணி பிடிக்கிறோம், அது கெட்ட தண்ணின்னு நானே போய் எப்படிச் சொல்றது, நாளைக்குக் குடத்த வைக்க விடுவாங்களா?" இதற்கு என் ஸ்லைடில் ஒரு வரி கூட இல்லை. அப்புறம் பயிற்சியில் பாதி நேரம் இதற்கே போனது. ஒருவர் போர்வெல்காரர், ஒருவர் சோதித்தவர் என்று பேசிப் பார்த்தோம், சிரிப்பும் சண்டையுமாக. தனியாகப் போகாமல் இரண்டு பேராகப் போவது, முதலில் தன் வீட்டுத் தண்ணீரைச் சோதித்துக் காட்டுவது, இதெல்லாம் அவர்களே சொன்ன வழிகள்.

இன்னொன்று நிறம். மருந்து விட்டதும் இளஞ்சிவப்பாக இருக்கிற தண்ணீர், ஃபுளோரைடு கூடக் கூட மஞ்சள் பக்கம் போகும், அதைப் பெட்டியில் உள்ள நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். 1-க்கும் 1.5-க்கும் நடுவில் எனக்கே தடுமாறும், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் எல்லைக்கோடு என்பதால் இங்கே தப்பவும் கூடாது. தக்காளி மண்டியில் தரம் பிரிக்கிற ஒருவர் சோதனைக் குழாயை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது செங்காய்க்கும் பழத்துக்கும் நடுவுல" என்று சொல்லி அட்டையில் சரியாக விரல் வைத்தார். தினமும் பெட்டி பெட்டியாக நிறம் பார்க்கிற கண், அவருக்கு நான் என்ன சொல்லிக்கொடுப்பது? அன்றிலிருந்து நிறம் பார்ப்பதைச் சொல்லித் தருவது அவர்தான். ஆனால் சோதனைக் குழாயில் உள்ள சின்ன அளவுக் கோடு அவருக்குத் தெரியவில்லை, வயது 45-க்கு மேல். கோடு பார்க்க ஒரு இளம்பெண்ணைச் சேர்த்து ஜோடியாக்கினோம், நோட்டு எழுதுவதும் அந்தப் பெண்தான்.

வேப்பனப்பள்ளியிலிருந்து:

கொரோனாவுக்குப் பிறகு மாலை வகுப்பு எடுக்க வந்த தன்னார்வலர்களுக்கு நானும் பயிற்சி கொடுத்தேன். ஒரு கல்லூரிப் பெண் மூன்று நாளும் வாயே திறக்கவில்லை, இவள் தேறமாட்டாள் என்று மனதுக்குள் எழுதிவைத்துவிட்டேன். அவள் வகுப்பைப் போய்ப் பார்த்தால், வீட்டில் தெலுங்கு பேசுகிற வாண்டுகளுக்குத் தெலுங்கில் கதையைச் சொல்லி, நடுநடுவே தமிழ்ச் சொல்லை நுழைத்து, கடைசியில் அதே கதையைத் தமிழில் சொல்லவைக்கிறாள். நான் கொடுத்த பயிற்சி முழுக்கத் தமிழ் வாசிப்பு. அவளுக்கு என்ன வரும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை நான். உங்கள் தண்ணீர்ப் பயிற்சியை எங்கள் பக்கம் வைக்க முடியுமா? மே மாதம் பள்ளிக்கூடக் கட்டடம் காலியாக இருக்கும்.

பாலக்கோட்டிலிருந்து:

வைக்கலாம், ஆனால் மே, ஜூன் வேண்டாமே. மாங்காய் சீசனில் பாதிப்பேர் தோப்புக்கும் கூழ் ஆலைக்கும் போய்விடுவார்கள், கூலியை விட்டுவிட்டு வரச்சொல்ல எனக்கு வாய் வராது. கட்டடம் இல்லாவிட்டால் மரத்தடி போதும், எப்படியும் நிறத்தை டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்கக் கூடாது. பால் ஊற்றுகிற நேரம் மட்டும் முதலில் கேட்டுச் சொல்லுங்கள்.