கழுதை விட்டைய காட்டுக்கு அடிக்கலாமா? போட்டு பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?

மானாவாரிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். கோவில்பட்டி பக்கம் 4 ஏக்கர் கரிசல், உளுந்தும் கம்பும் போடுறேன். மாட்ட வித்து பதினோரு வருசமாச்சு, இப்ப ஒரு டிராக்டர் எரு வெல கேட்டா தலை சுத்துது. இங்க பக்கத்துல ஒருத்தர் கழுதைப்பால் பண்ணை வச்சிருக்கார், விட்டைய மலை மாதிரி குமிச்சு போட்டுருக்கு, வண்டி வாடகை மட்டும் பாத்துக்கிட்டு அள்ளிக்கோங்கன்னுட்டார். எனக்கு ஆசைதான், அப்பா ஒத்துக்கல. கழுதை மேஞ்ச காடு உருப்படாது, அதைப் போயி நீயே ஏத்திட்டு வர்றியாங்குறார். ஏன்ப்பான்னா எங்க ஐயா சொன்னாருங்குறார், அதுக்கு மேல பதில் இல்ல. உண்மையிலயே முன்னாடி நம்மூர்ல இதை எருவா போட்டாங்களா? வருசக்கணக்கா போட்டா மண்ணு என்னாகும்?

கண்மாய்க்கரை பெருசு:
தம்பி எனக்கு 68 வயசு. எங்க ஊர்ல துணி வெளுக்குற மூணு குடும்பம், எல்லாமா சேத்து பதினஞ்சு கழுதை நிக்கும். ஆனா எவனும் விட்டைய காட்டுக்கு அள்ளுனதை நான் பாத்ததில்ல. காரணம் பெருசா ஒண்ணுமில்ல, மாட்ட தொழுவத்துல கட்டுறோம், ஆட்ட கிடை அமத்துறோம், சாணமும் புழுக்கையும் மூத்திரமும் ஒரே எடத்துல விழுகுது. கழுதைய மூட்டைய எறக்குனதும் முன்னங்கால ரெண்டையும் கட்டி அவுத்து விட்ருவாக, அது தெருத்தெருவா குப்பைமேட்டுல மேஞ்சுக்கிட்டு போற எடமெல்லாம் போட்டுட்டுப் போகும். அதை எவன் பின்னாடியே கூடை தூக்கிட்டு போறது. ஒரே ஒரு அக்கா மட்டும் காஞ்ச விட்டைய பொறுக்கி வீட்டுக்குப் பின்னாடி பூசணிக் குழில போடும், காய் ஒவ்வொண்ணும் குடம் குடமா காய்க்கும், அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அப்புறம் உவர்மண்ணு போயி சோப்புத்தூள் வந்துச்சு, மூட்டை சுமக்க டிவிஎஸ் 50 வந்துச்சு, கழுதை தேஞ்சு கட்டெறும்பானதுன்னு சும்மா சொல்லுவோம், நெசமாவே ஆகிப்போச்சு.

மண்வாசம்_பிஎஸ்சிஅக்ரி:
கண்மாய்க்கரை ஐயா சொன்னதுதான் சரி. கணக்கே இருக்கு, 2012 கால்நடை கணக்கெடுப்புல இந்தியா பூராவும் 3.2 லட்சம் கழுதை, 2019-ல 1.2 லட்சம், ஏழே வருசத்துல அறுபது சதவீதத்துக்கு மேல காலி. அதனால இப்ப யாரும் கழுதை எரு போடலைன்னா எரு மட்டம்னு அர்த்தமில்ல, விட்டை போடுற மிருகமே இல்ல.

அண்ணே, உங்க அப்பா சொல்றதுக்கு வேர் ரொம்ப பழசுன்னு நெனக்கிறேன். புறநானூறு 15-ம் பாட்டுல பாண்டிய ராசா முதுகுடுமிப் பெருவழுதி பகைவன் மண்ணுல கழுதைய ஏர்ல பூட்டி உழுது பாழாக்குனதா வருது. அது அவமானப்படுத்துறதுக்கு செஞ்சது, விட்டைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, ஆனா கழுதைன்னாலே பாழுங்குற நெனப்பு ஒட்டிக்கிச்சு. அதே சமயம் முதலாம் நூற்றாண்டுல ரோமாபுரில கொலுமெல்லான்னு ஒரு விவசாய எழுத்தாளர், நாலுகால் பிராணி எருவுல கழுதையோடதுதான் ஒசத்தி, ஏன்னா அது மெதுவா மென்னு திங்குதுன்னு எழுதிட்டார் 😀

ஆனா அப்பா பேச்ச ஒரேயடியா தள்ளவும் முடியாது. மாடு அசை போடும், கழுதை போடாது, தீனிய பெருங்குடல் பக்கம் வச்சுதான் நொதிக்க வைக்கும். அதனால விட்டைல நாரு ஜாஸ்தி, விதை பாதி முழுசா வெளிய வரும். நம்ம பக்கம் கழுதை என்ன திங்கும்? சீமைக்கருவேல நெத்து. அந்த விதைக்கு தோல் கெட்டி, வயித்துக்குள்ள போயிட்டு வந்தா இன்னும் நல்லா முளைக்கும். பச்சையா அடிச்சா ரெண்டு மழைல உங்க காட்டுல முள்ளு நிக்கும். உங்க தாத்தா பாத்தது அதுவா கூட இருக்கலாம். பண்ணைல சோளத்தட்டை மட்டும் போடுறாங்களா, வெளிய மேய்க்கிறாங்களான்னு மொதல்ல கேளுங்க.

சத்து பத்தி ரொம்ப எதிர்பாக்காதீங்க, நல்லா மக்குன தொழு உரத்துலயே தழைச்சத்து (நைட்ரஜன்) 0.5 சதவீதம்தான், ஆட்டெரு 3 சதவீதம்னு நம்ம வேளாண் பல்கலைக்கழக கணக்கு. கழுதையோடது தொழு உரத்துக்கு கிட்டத்தான் வரும், ஆட்டுக்கு கிட்ட நெருங்காது.

தென்னந்தோப்பு ராசா:
நான் மூணு வருசமா போடுறேன், உடுமலை பக்கம், செம்மண்ணு. மொத வருசம் அவசரத்துல பச்சையா கத்தரிக்கு போட்டு செடி பூரா மஞ்சளிச்சு நின்னுருச்சு, நாரை மக்க வைக்கிற கிருமியே மண்ணுல இருக்குற தழைச்சத்த தின்னுருதாம். அடுத்த வருசத்துல இருந்து அஞ்சடி ஒசரத்துக்கு குமி போட்டு, கைல புடிச்சா உருண்டையாகுற அளவு தண்ணி தெளிச்சு, ஓலைய போட்டு மூடிட்டேன். நாலாம் நாள் கம்பிய சொருகி இழுத்தா தொட முடியல அவ்ளோ சூடு. பத்து நாளைக்கு ஒருக்கா உள்ளாற இருக்குறத வெளிய, வெளிய இருக்குறத உள்ளாறன்னு திருப்பணும், இல்லாட்டி ஓரத்துல கெடக்குற விதை சாகாது. மூணு மாசத்துல காபித்தூள் மாதிரி வந்துரும். தென்னைக்கு போட்டு பாத்தி மண்ணு இப்ப மம்புட்டிக்கு பொதபொதன்னு இருக்குது, ஈரமும் ரெண்டு நாள் கூட நிக்குது. தேங்கா எண்ணிக்கை கூடுச்சான்னு கேக்காதீங்க, மழையும் நல்லா பேஞ்சுது, எதுனாலன்னு எப்படி சொல்ல.

இன்னொண்ணு, வெறுங்கால்ல மிதிச்சு வேலை செய்யாதீங்க, குதிரை கழுதை விட்டைல டெட்டனஸ் கிருமி இருக்கும், ஊசி போட்டுக்கோங்க. அப்புறம் பண்ணைய நம்பி வருசா வருசம் திட்டம் போட வேணாம். எனக்கு குடுத்தவர் பாலை திருப்பி வாங்கிக்கிறோம்னு சொன்னவன நம்பி முப்பது கழுதை எறக்குனார், வாங்க எவனும் வரல, இப்ப எட்டுதான் நிக்குது.

மானாவாரிக்காரன்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பண்ணைல கேட்டுட்டேன், பகல்ல கண்மாய்க்குள்ள மேய விடுறாராம், அப்ப கருவேல நெத்து கண்டிப்பா உண்டு 😅 அங்க பத்து கழுதைதான். எத்தனை ஏக்கருக்கு வரும்?

மண்வாசம்_பிஎஸ்சிஅக்ரி:
ஒண்ணுக்கு நாளைக்கு 5 கிலோன்னு தோராயமா வச்சாலும் பத்துக்கு வருசம் 18 டன் பச்சை விட்டை. பகல்ல மேயப் போறதுல பாதி கண்மாய்லயே போயிரும், மிச்சம் 9 டன், மக்குனா நாலு நாலரை. ஏக்கருக்கு 5 டன்னு பாத்தா உங்களுக்கு வருசம் ஒரு ஏக்கர் கூட முழுசா வராது. அதனால ஒவ்வொரு வருசமும் ஒரு ஏக்கரா சுத்தி வாங்க. வீணாப் போகாது, இங்கிலாந்துல ரோத்தம்ஸ்டெட்னு ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையத்துல ஒரு வயல் துண்டுக்கு 1852-ல இருந்து 1871 வரைக்கும் மட்டும் எரு போட்டு நிறுத்திட்டாங்க, நூறு வருசம் தாண்டியும் அந்த துண்டு மண்ணுல கரிமச்சத்து பக்கத்து துண்ட விட கூடுதலா நின்னுச்சு. அது வருசா வருசம் ஹெக்டேருக்கு 35 டன் கொட்டுன கதை, நம்ம வெயிலுக்கு அவ்ளோ நாள் நிக்காது, அதையும் சொல்லிடுறேன்.

கண்மாய்க்கரை பெருசு:
தம்பி மொத வருசம் காட்டுக்கு போகாத, பூசணிக் குழில போடு. காயப் பாத்தா உங்கப்பாரே வண்டி புடிப்பாரு.

மானாவாரிக்காரன்:
ஐயா அப்பாகிட்ட சொல்லிட்டேன். குமிய வீட்டுக்கு காத்தடிக்காத பக்கமா போடுன்னார். இப்போதைக்கு அதுவே பெருசு.