புதுப்பிப்பு: ஜூரோங் ஆர்டரை அள்ளி வந்த ஏஜென்ட்

தெம்பனிஸ் கடையின் ஆர்டரைக் கேட்டால் எங்கள் ஏஐ ஏஜென்ட் ஜூரோங் கடையினுடையதையும் சேர்த்து அள்ளி வருகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேனே, காரணம் பிடிபட்டது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் வரிசைவாரிப் பாதுகாப்பை, அதாவது யார் எந்த வரிசையைப் பார்க்கலாம் என்ற பாலிசியைப் போட்டிருந்தோம். ஆனால் ஏஜென்ட் நுழைந்ததோ டேபிளின் உரிமையாளர் கணக்கில். டேபிளில் ‘ஃபோர்ஸ்’ என்ற அமைப்பைப் போடாவிட்டால் பாலிசி உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது.

இப்போது ஏஜென்டுக்குத் தனி ரோல் (டேட்டாபேஸ் கணக்கு): 2 டேபிள், படிக்க மட்டும். அடையாள அட்டை எண்ணுக்கு அனுமதியே இல்லை.

அப்புறம், எந்தக் கடை என்பதை பாலிசி செஷன் மாறியிலிருந்து (அந்த இணைப்புக்கு மட்டும் வைக்கும் மதிப்பு) எடுக்கிறது. இஷ்டத்துக்கு எஸ்கியூஎல் (டேட்டாபேஸ் கட்டளை) எழுத விட்டால் ஏஜென்டே அதை மாற்றிவிடலாம். அந்த டூலையே தூக்கிவிட்டேன். பிராம்ப்ட்டில் (ஏஜென்டுக்கு எழுதும் அறிவுரையில்) கெஞ்சியதெல்லாம் வீண்.

நேற்றுச் சோதித்தபோது ஜூரோங்குக்கு 0 வரிசை. சரி, நிம்மதி என்று பார்த்தால், பார்க்க அனுமதி இல்லை என்பதற்குப் பதில் “ஜூரோங்கில் விற்பனையே இல்லை” என்று அடித்துச் சொல்கிறது! அதை இனிமேல்தான் கவனிக்க வேண்டும்.