சிட்ரிக் அமில அளவில் சிக்கல்: அமெரிக்கக் காப்புரிமை தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். கறை நீக்கும் திரவம் ஒன்றுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கேட்டிருக்கிறோம். சிட்ரிக் அமிலம் 2 முதல் 5 சதவீதம் என்பது எங்கள் கோரிக்கை. பழைய காப்புரிமை ஒன்றில் 1 முதல் 10 என்று பொத்தாம்பொதுவாக இருக்கிறது. அதற்குள் அடங்குவதால், துறை தெரிந்த யாருக்கும் இது எளிதில் தோன்றியிருக்கும் என்று மறுக்கிறார் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர்.

அவர் காட்டுவது 2003-ஆம் ஆண்டு பீட்டர்சன் தீர்ப்பு. நிக்கல் உலோகக் கலவையில் ரீனியம் என்ற உலோகம் 1 முதல் 3 சதவீதம் என்று கேட்டிருந்தார்கள். முந்தைய காப்புரிமையில் 0 முதல் 7. சோதனையில் நல்ல பலன் 2 சதவீதத்தில் தெரிந்தது, ஆனால் அது கேட்ட வரம்பு முழுவதற்கும் போதாது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. எங்கள் கதையும் ஏறக்குறைய அதேதான்: 3 சதவீதத்தில் துருக்கறை சட்டென்று போகிறது, 5-இல் சுமார்.

வரம்பை 2.5-இல் தொடங்கும்படி சுருக்கலாம் என்றால், மூல விண்ணப்பத்தில் 2.5 என்ற எண்ணே கிடையாது. 3 மட்டும் ஓர் எடுத்துக்காட்டில் இருக்கிறது. அதை வைத்துத் திருத்த விடுவார்களா? அப்புறம், பரிசோதகருக்குப் பதிலாகப் பிரமாண வாக்குமூலத்தோடு தரும் ஒப்பீட்டுச் சோதனையில் 1, 7 போன்ற, எங்கள் வரம்புக்கு வெளியே உள்ள அளவுகளையும் காட்ட வேண்டுமா? இப்படிப் பதில் போட்டு ஜெயித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.