ஹப் ரிங் இல்லாமல் அலாய் போட்டால் வீல் கழன்று ஓடுமா?

பீளமேட்டான்:
செங்கல்பட்டு ஸ்விஃப்ட் தம்பி ஒரு சாதாரணக் கேள்விதான் கேட்டிருந்தார். 2019 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ, இப்போது இருப்பது 165/80 ஆர்14 டயரும் இரும்பு டிஸ்க்கும். கடைக்காரர் 16 இஞ்ச் அலாய் வீல், 195/55 டயர் போடலாம் என்கிறார், அலாயின் சென்டர் போர், அதாவது நடுத் துளை, 73.1 மிமீ, அது உட்காரும் காரின் ஹப் 54.1 மிமீ, மாட்டலாமா என்று. இந்த இடைவெளியை நிரப்பும் வளையம்தான் ஹப் ரிங். நட்டு ஏறும் மரைக் கம்பிதான் ஸ்டட். அதற்கு ‘ஈசிஆர் வேகம்’ எழுதிய பதிலைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. "ஹப் ரிங் இல்லாமல் மாட்டினால் வண்டியின் எடை முழுக்க ஸ்டட்டில் உட்காரும், ஸ்டட் அறுந்து வீல் தனியாக ஓடும்" என்கிறார். கீழே நாலு பேர் நன்றி வேறு சொல்லியிருக்கிறார்கள்.

எடை ஹப்பிலும் உட்காராது, ஸ்டட்டிலும் உட்காராது. நட்டை இறுக்கும்போது வீல் ஹப்பின் முகத்தோடு அழுந்துகிறது. அந்த உராய்வுதான் தாங்குகிறது. எம்12 (12 மிமீ) நட்டை 100 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் ஒரு நட்டே சுமார் 4 டன் அழுத்தம் கொடுக்கும். ஸ்விஃப்ட்டில் நாலு நட்டு. மொத்த வண்டியே ஒரு டன் இல்லை. இதில் அந்த ரிங்குக்கு என்ன வேலை? அது பிளாஸ்டிக் வளையம். அது எத்தனை கிலோ தாங்கும் என்று ஈசிஆர் சொல்லட்டும்.

ஈசிஆர் வேகம்:
வந்துவிட்டார் புரொஃபசர். சார், கணக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் சுசுகிக்காரன் 54.1 என்று புள்ளி போட்டு ஹப்பைக் கடைந்து, கம்பெனி ரிம்மையும் அதே அளவில் துளை போடுகிறானே, வேலை இல்லாமலா? நான் 16 இஞ்ச் மாட்டியபோது 90-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் ஆடும். பேலன்ஸிங் பார்த்தாயிற்று, அலைன்மென்ட் பார்த்தாயிற்று. 73.1-க்கு 54.1 ரிங் வாங்கிப் போட்டேன். நின்றுவிட்டது. இதற்கு உங்கள் உராய்வு என்ன சொல்கிறது?

பீளமேட்டான்:
வீல் கழன்று ஓடும் என்றவர் இப்போது ஸ்டியரிங் ஆடும் என்கிறார். ஒரே ராத்திரியில் கழன்றது ஆட்டமாகிவிட்டது. 54.1 எதற்கு என்றால், கம்பெனி லைனில் வீலைத் தூக்கி வைத்ததும் நடுவில் உட்கார வேண்டும், அதற்கு. எடை தாங்க அல்ல.

ஸ்விஃப்ட்டின் நட்டு கூம்பு. அலாயின் துளையும் 60 டிகிரி கூம்பு. வண்டியை ஜாக்கியில் நிறுத்தி, வீல் தரையைத் தொடாமல், எதிரெதிர் நட்டாகக் கையால் ஓட்டி, பிறகு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்கினால் கூம்பே வீலை நடுவில் கொண்டுவந்துவிடும். நம்பவில்லையா? நட்டின் கூம்பில் மார்க்கிங் நீலம் லேசாகத் தடவி இறுக்கிக் கழற்றிப் பாருங்கள். அலாயின் துளையில் நீலம் முழு வட்டமாகப் பதிந்திருந்தால் உட்கார்ந்தது சரி. ஒரு பக்கம் மட்டும் பிறை மாதிரி பதிந்தால் வீல் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. எங்கள் பட்டறையில் சேரும் பையன் முதல் வாரம் கற்றுக்கொள்வது இது.

கேள்விக்குப் பதில் வரவில்லை. பிளாஸ்டிக் ரிங் எத்தனை கிலோ தாங்கும்?

நெல்லை டாக்ஸி:
அண்ணாச்சிமாரே, ரிங் போடுங்கள், போடாமல் விடுங்கள். அலாயே எதுக்கு? இரும்பு டிஸ்க் பள்ளத்தில் விழுந்து நெளிந்தால் டிங்கரிங் கடையில் சுத்தியலால் தட்டி எடுத்துவிடலாம். அலாய் விரிசல் விட்டால் என்ன செய்வீர்கள்? வெல்டிங் வைத்து விற்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதில் ஆளை ஏற்றிக்கொண்டு நாலுவழிச் சாலையில் போக எனக்குத் தைரியம் இல்லை.

ஈசிஆர் வேகம்:
டாக்ஸிக்கு இரும்பே போதும் அண்ணே. இங்கே பேசுவது ஓட்டத் தெரிந்தவர்களுக்கு.

நெல்லை டாக்ஸி:
ஓட்டத் தெரிந்தவரா? நாங்கள் சவாரிக்கு ஓட்டுகிற தூரத்தை நீங்கள் மகாபலிபுரம் போய் போட்டோ எடுத்துத் திரும்புகிற தூரத்தோடு சேர்க்க வேண்டாம். பேச்சில் மரியாதை இருக்கட்டும்.

செங்கல்பட்டு ஸ்விஃப்ட்:
நன்றி அண்ணா எல்லோருக்கும். 195/55 ஆர்16 போடலாமா, 185/65 ஆர்15 போடலாமா? அதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

பீளமேட்டான்:
டாக்ஸி அண்ணனுக்கு முதலில். அலாய் என்றாலே விரிசல் என்பது மலிவு சரக்கைப் பார்த்துவிட்டுச் சொல்வது. ஏ356 அலுமினியம், அதில் 7 சதவீதம் சிலிக்கான், கொஞ்சம் மெக்னீசியம். அழுத்தத்தோடு அச்சில் ஏற்றி, பிறகு டி6 ஹீட் ட்ரீட்மென்ட் (சூடேற்றிப் பக்குவப்படுத்துவது) ஒழுங்காகக் கொடுத்தால் அது தாங்கும். உருக்கிய உலோகத்திலிருந்து வாயுவை எடுக்காமல் அவசரமாக ஊற்றினால் உள்ளே குமிழி நிற்கும். மேலே பெயின்ட் அடித்துவிட்டால் வெளியே தெரியாது. கோவையில் ஃபவுண்டரி பக்கம் வளர்ந்தவனிடம் வார்ப்பு பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம்.

கடையில் வீலைத் திருப்பிப் போட்டு ஆரத்தின் பின்பக்கம் பாருங்கள். அளவு, ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே, வெளியே நிற்கும் என்பது), எத்தனை கிலோ தாங்கும், ஜேடபிள்யூஎல் என்ற ஜப்பான் தர முத்திரை, இவை வார்ப்பிலேயே எழுந்து நிற்க வேண்டும். வெறும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கீழே வைத்துவிட்டு வாருங்கள். வீலில் எத்தனை கிலோ என்று எழுதியிருக்கிறது. ரிங்கில் எழுதியிருக்கிறதா ஈசிஆர்?

ஈசிஆர் வேகம்:
கோவை என்றால் உலகத்துக்கே இரும்பு கற்றுக்கொடுத்த மாதிரி பேசுவார். வீல் செய்கிற பெரிய ஆலை எங்கள் சென்னையில், பாடி என்ற இடத்தில் இருக்கிறது சார். வீல்ஸ் இந்தியா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜாக்கியில் நிறுத்தி, கையால் ஓட்டி, டார்க் ரென்ச் போட்டு என்று எழுதினீர்களே, ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் எந்தக் கடையில் அப்படி மாட்டுகிறார்கள்? பையன் நட்டு இறுக்கும் மெஷின் கன்னை வைத்து நாலு நட்டையும் வரிசையாக ‘டர்ர்’ என்று விட்டுவிட்டுப் போவான். அப்போது உங்கள் கூம்பு என்ன செய்யும்? அதனால்தான் ரிங். ரிங் போட்டால் நடுவில் உட்காரும். ரிங் போடுங்கள்.

பீளமேட்டான்:
கன்னால் மாட்டுகிற கடைக்கு ஏன் போகிறீர்கள்? தப்பு கையில் இருக்கிறது, வைத்தியம் பிளாஸ்டிக்குக்கு. போன வருடம் நைட்ரஜன் காற்று விஷயத்திலும் இதே கதைதான். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது என்று எழுதினேன். அதற்கும் "நான் போட்டேன், மைலேஜ் கூடியது" என்றார். எதைக் கேட்டாலும் நான் போட்டேன், நின்றது.

ஈசிஆர் வேகம்:
நைட்ரஜனை இழுக்காதீர்கள். அந்தத் திரியில் நீங்கள்தான் கடைசியில் பதில் சொல்லாமல் ஓடினீர்கள்.

பீளமேட்டான்:
ஓடவில்லை. திரியைப் பூட்டிவிட்டார்கள். யாரால் பூட்டினார்கள் என்று மட்டுறுத்துநரைக் கேளுங்கள்.

சட்டம் அறி:
அளவை விட்டு ரிங்கைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 படித்திருக்கிறீர்களா? தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைச் சொல்லிவிட்டது. 16 இஞ்ச் போட்டு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரன் பிடித்துக்கொள்வான். 

நெல்லை டாக்ஸி:
என் ஆர்சி புத்தகத்தில் அலாயா இரும்பா என்று எங்கேயும் இல்லை. பிரிவு 52 ஆர்சியில் இருக்கிற விவரத்தைத்தானே பேசுகிறது?

சட்டம் அறி:
அலாய் வேண்டாம் என்று சொன்ன நீங்களே அலாய்க்கு வக்கீலாக வருகிறீர்கள். முதலில் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுங்கள்.

நெல்லை டாக்ஸி:
நான் எந்தப் பக்கமும் இல்லை. எழுதியிருப்பதைத்தான் கேட்டேன்.

பீளமேட்டான்:
சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மாற்றியதை இன்சூரன்ஸில் சொல்லி, ஆக்சஸரி என்று மதிப்பு சேர்த்துப் பிரீமியம் கட்டிவிடுங்கள், வம்பு குறையும். தம்பி, டயர் விட்டம் பார்த்தால் 165/80 ஆர்14 சுமார் 620 மிமீ, 195/55 ஆர்16 சுமார் 621. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. ஆனால் பக்கவாட்டு ரப்பர் 132-லிருந்து 107 மிமீ ஆகிவிடும். பள்ளத்தில் அடி வாங்க 25 மிமீ ரப்பர் குறைவு. ஸ்விஃப்ட் மேல் வேரியன்ட்டில் கம்பெனியே தருவது 185/65 ஆர்15. நான் என்றால் அதோடு நிற்பேன். ரிங் போட்டாலும் போடாவிட்டாலும் அந்த 25 மிமீ திரும்பி வராது.

ஈசிஆர் வேகம்:
பார்த்தீர்களா, "ரிங் போட்டாலும்" என்று அவரே எழுதிவிட்டார். போடலாம் என்று ஆகிவிட்டது.

பீளமேட்டான்:
போடக்கூடாது என்று நான் எங்கே எழுதினேன்? போடாவிட்டால் ஸ்டட் அறுந்து வீல் ஓடும் என்று நீங்கள் எழுதினீர்கள். அதை அழித்துவிட்டு வந்து பேசுங்கள். எத்தனை கிலோ தாங்கும்?

ஈசிஆர் வேகம்:
அழிக்க மாட்டேன். 54.1 எதற்கு?

ஐ20 ரசிகன்:
எதற்கு இவ்வளவு சண்டை? ஐ20, ஸ்விஃப்ட் இரண்டுக்கும் பிசிடி (நட்டுத் துளைகளின் எண்ணிக்கையும் வட்ட விட்டமும்) 4x100, ஹப்பும் 54.1. என் ஐ20-யின் கம்பெனி அலாயை நட்டோடு கழற்றி மச்சானின் ஸ்விஃப்ட்டில் மாட்டிவிட்டேன். ரிங்கே வேண்டாம். கொஞ்சம் இறுக்கமாக ஏறியது, கன் போட்டதும் போய்விட்டது.

பீளமேட்டான்:
தம்பி, ரிம் பொருந்தும். நட்டு பொருந்தாது. ஹூண்டாய் நட்டின் மரை எம்12, மரை இடைவெளி 1.5 மிமீ. மாருதியின் ஸ்டட் எம்12, 1.25. இறுக்கமாக ஏறியது என்றால் மரையை அறுத்துக்கொண்டு ஏறியிருக்கிறது. 4 டன் கணக்கெல்லாம் அந்த நட்டில் செல்லாது.

ஈசிஆர் வேகம்:
இப்போது மட்டும் வீல் கழன்று ஓடுமா சார்?

பீளமேட்டான்:
உங்களோடு பிறகு பேசுகிறேன். ஐ20 தம்பி, மச்சானை வண்டி எடுக்க வேண்டாம் என்று சொல். நாலு நட்டையும் கையால் கழற்றிப் பார். மாருதி நட்டு ஒன்றை எடுத்து ஸ்டட்டில் விரலால் ஓட்டு. அடிவரை போகவில்லை என்றால் ஸ்டட் போச்சு, நாலையும் மாற்ற வேண்டும். ஸ்டட்டின் மரையைக் கிட்டப் போய் படம் எடுத்து இங்கே போடு. கன்னைத் தொடாதே.