நீர்க்காகமா, பாம்புத்தாராவா?

கவிதா: 📷 புகைப்படம்
ஏரி நடுவுல பட்டுப்போன மரத்துல உக்காந்திருக்கு. எல்லாமே நீர்க்காகம்தானே சித்தப்பா?

சித்தப்பா: பெருசு பண்ணிப் பார்த்தேன்மா. வலது ஓரத்துல இறக்கையை விரிச்சு வெச்சிருக்கே, அது பாம்புத்தாரா. மத்ததெல்லாம் நீர்க்காகம்தான்.

தினேஷ்: இறக்கையை விரிச்சுக் காயவெக்கிறது நீர்க்காகம் இல்லையா?

சித்தப்பா: ரெண்டுமே காயவெக்கும்டா. ரெண்டுக்கும் இறகு நனையும், அதனாலதான் சுலபமா முங்க முடியுது. அதை வெச்சுப் பிரிக்கவே கூடாது, நிறைய பேர் அங்கதான் கோட்டை விடுறாங்க. அலகைப் பாரு. நீர்க்காகத்துக்கு நுனி கீழ வளைஞ்சிருக்கும், மீனைக் கவ்வும். பாம்புத்தாராவுக்கு ஊசி மாதிரி நேரா இருக்கும், மீனைத் தண்ணிக்குள்ளயே குத்திடும். மேல வந்து தூக்கிப் போட்டு, தலைப்பக்கமா முழுங்கும்.

கவிதா: இவ்ளோ தூரத்துல அலகு நுனி எங்க தெரியுது 😔

சித்தப்பா: அப்போ தண்ணில இறங்குற வரைக்கும் பொறுமையா இரு. பாம்புத்தாரா நீந்துறப்போ பெரும்பாலும் உடம்பு உள்ள போயிடும், கழுத்து மட்டும் வெளிய நிக்கும். நீர்க்காகத்துக்கு முதுகும் கொஞ்சம் தெரியும். பறந்தா இன்னும் சுலபம். நீர்க்காகம் சிறகடிச்சுட்டே போகும். பாம்புத்தாரா நீள வாலை விரிச்சுக்கிட்டு மேல வட்டமடிக்கும்.

அத்தை: இடது பக்கம் குட்டையா நாலு இருக்கே, குஞ்சுங்களா?

சித்தப்பா: இல்லக்கா, அது சின்ன நீர்க்காகம். வளந்ததே அவ்வளவுதான், சுமார் 50 செ.மீ. அலகு கட்டையா இருக்கு பாருங்க. அதுக்கு மேல் கிளையில அலகு நீளமா, ஒல்லியா இருக்கறது இந்திய நீர்க்காகம்.

தினேஷ்: அப்போ அளவை வெச்சே சொல்லிடலாமே

சித்தப்பா: இந்த மாதிரி பக்கத்துப் பக்கத்துல இருந்தா சொல்லலாம். தனியா ஒண்ணு இருந்தா அளவு ஏமாத்திடும். அலகும் தலையும்தான் எனக்கு முக்கியம்.

கவிதா: கரையில வெள்ளைக் கொக்கும் இருந்துச்சு. மஞ்சள் அலகு. பெரிய கொக்குதானே?

சித்தப்பா: மஞ்சள் அலகு நடுத்தரக் கொக்குக்கும் உண்டு, உண்ணிக்கொக்குக்கும் உண்டு. பெரிய கொக்குக்கே இனப்பெருக்கக் காலத்துல கருப்பாயிடும். வாய்க்கோடு, அதாவது அலகு ரெண்டும் சேர்ற கோடு, கண்ணைத் தாண்டிப் பின்னால போச்சுன்னா பெரிய கொக்கு. கண்ணுக்குக் கீழயே நின்னுட்டா நடுத்தரம்.

கவிதா: சரி, அது போட்டோல தெரியல. பார்த்த பறவைகளைப் பதிவு பண்ற இ-பேர்ட் தளத்துல பட்டியல் போட்டுட்டு இருக்கேன். நடுக்கிளையில ஒண்ணு முகத்தைத் திருப்பிட்டு இருக்கு, அதை என்னன்னு போட? மத்ததோட சேர்த்து இந்திய நீர்க்காகம்னு போட்டுடவா?

சித்தப்பா: வேண்டாம்மா. 'ஏதோ ஒரு நீர்க்காகம்'னு போடறதுக்குத் தனி வகையே அதுல இருக்கு. கொக்குக்கும் அப்படியே. நாம உத்தேசமா ஒரு பேரைப் போட்டா, பின்னாடி அந்தத் தரவைப் பார்க்கிறவங்களுக்கு அது பார்த்ததா, யூகமான்னு தெரியாது. அந்த ஏரியில அந்த இனம் எத்தனை இருக்குன்ற கணக்கே மாறிடும்.

கவிதா: சரி சித்தப்பா, மாத்திட்டேன் 👍

அத்தை: எனக்கு எல்லாமே ஒரே கருப்பாத்தான் தெரியுது

சித்தப்பா: எதிர்வெயில்ல எடுத்திருக்காக்கா, அதான். வெயில் சரியா விழுந்தா பாம்புத்தாராவுக்கு முதுகுல வெள்ளிக் கோடு கோடா தெரியும், கழுத்து பழுப்பா இருக்கும். கவிதா, நாளைக்குக் காலைல போறதா இருந்தா கிழக்குக் கரையில நின்னு பாரு, சூரியன் உனக்குப் பின்னால இருக்கும்.

தினேஷ்: நானும் வரேன். பைனாகுலர் யார்கிட்ட இருக்கு?

அத்தை: என் அலமாரியில இருக்கு, ராத்திரி வந்து வாங்கிக்கோ